அஷ்டமிக் கச்சேரி

ஜனவரி 20, திங்கள்

நாளை அஷ்டமி. எங்களுக்கு நல்ல நாள்.

தை மாதத்தில் பொன்மலைப்பட்டிப் பக்கம் கல்யாண மண்டபம் கிடைப்பது நடக்காத காரியம். ஆனால் அஷ்டமியிலும் நவமியிலும் யாரும் தாலி கட்டுவதில்லை. அந்த நாட்களில் மண்டபத்துக்காரர் எங்களுக்குச் சல்லிசாகத் தந்துவிடுகிறார். சாவியைக் கொடுக்கும்போது மட்டும், "நல்ல காரியத்துக்கு இந்த நாள் ஆகாதும்மா" என்று ஒருமுறை சொல்கிறார். சினிமாவை அவர் நல்ல காரியத்தில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு வருத்தமில்லை, என் அம்மாவும் சேர்த்ததில்லை.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர்கள் படத்தில் உதவி இயக்குநராக ஓடியபின் வந்திருக்கும் என் முதல் படம். இன்னும் பெயர் வைக்கவில்லை. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவன் ராக் பாடகனாக ஆசைப்படுகிறான். எந்த மேடையிலும் ஏற்றிக்கொள்ளாததால் கடைசியில் தானே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் பாடுகிறான். அந்தக் கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி. ஏழு நிமிடப் பாட்டு, இரண்டு நாள் வேலை. பாட்டை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்கிறோம். அப்போதுதான் உண்மையாக இருக்கும் என்பது நான் எல்லோரிடமும் சொல்லும் காரணம். ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை என்பது நான் சொல்லாத காரணம்.

நாயகன் புவனேஷ் நடிகனில்லை. செல்போன் கடையில் வேலை, மாலையில் கிட்டார். பாதி முதுகுவரை முடி. அந்த முடிக்காகத்தான் எடுத்தேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். நன்றாக வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். தலையை உதறும்போது கண்ணை எடுக்க முடியாமல் செய்தவன் இவன் ஒருவன்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

பாதிப் பாட்டு முடிந்தது. நான் இதுவரை எடுத்ததில் இதுதான் நல்லது. வேறு யாரும் சொல்லாததால் நானே எழுதி வைக்கிறேன்.

புவனேஷ் குடியிருக்கும் காலனிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சொன்னபோது கை தட்டினார்கள். சொல்லாதபோதும் தட்டினார்கள். புவனேஷ் முடியை முன்னால் விட்டு முகத்தை மறைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான், மூன்றாவது நிமிடத்தில் தலையைத் தூக்கி ஒரு சிலுப்பு சிலுப்பினான். கேமரா பிடித்துக்கொண்டிருந்த ஆன்டோ வாயை மூட மறந்துவிட்டான். நாளை மீதிப் பாதி.

ஜனவரி 22, புதன்

காலையில் புவனேஷிடமிருந்து போன். அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். படப்பிடிப்பு ரத்து.

பாவம்.

மண்டபத்துக்காரரிடம் கேட்டேன். அடுத்த அஷ்டமி பிப்ரவரி ஐந்து. மறுநாள் நவமியை ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு விட்டுவிட்டாராம். அதுவரை ஒரு நாள்கூடக் காலியில்லை, எல்லா நாளும் கல்யாணம். ஊரில் இத்தனை பேருக்கு எப்படித்தான் பெண் கிடைக்கிறதோ.

ஜனவரி 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடிகனின் அப்பா படுத்திருக்கும்போது இயக்குநர் போய்ப் பார்ப்பதுதான் முறை. சாத்துக்குடி வாங்கிப் போனேன்.

கோதண்டபாணி சார் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இன்னொன்றை மருந்தில் பார்க்கலாம் என்கிறார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பிடித்து, "பிப்ரவரி அஞ்சு வரைக்கும் ஒண்ணும் பயமில்லையே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதென்ன அஞ்சாம் தேதி?" என்றார். பேச்சுவாக்கில் வந்த தேதி என்றேன்.

திரும்பி வரும்போது ஆன்டோ ஆட்டோவில் கேட்டான்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவன் மொட்ட போடணும்ல? பாதிப் பாட்டு முடியோட, பாதிப் பாட்டு முடியில்லாம, எப்படி ஒட்டுறது?"

மனுஷன் உயிருக்குப் போராடும்போது பேசுகிற பேச்சா இது என்று நன்றாகத் திட்டினேன். அவன் சொல்லும்வரை எனக்கு அப்படி ஒரு நினைப்பே வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பெரிய கடைவீதிப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது நாடக சாமான் வாடகைக்கு விடும் கடை கண்ணில் பட்டது. சும்மா நுழைந்து டோப்பா இருக்கிறதா என்று கேட்டோம். நீளமுடி டோப்பா ஒன்றே ஒன்று இருந்தது. ஆன்டோ வைத்துப் பார்த்தான். தலையைச் சிலுப்பச் சொன்னேன். சிலுப்பினான், டோப்பா அப்படியே நின்றது, தலை மட்டும் உள்ளே திரும்பியது. கடைக்காரர், "இது நாரதர் வேஷத்துக்குங்க, அவரு தலைய ஆட்ட மாட்டாரு" என்றார்.

வெளியே வந்து பத்து நிமிடம் நின்று சிரித்தோம். அதற்குப்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கண் விழித்திருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஏனோ நிற்க முடியவில்லை, உடனே வந்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்று நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

வராந்தா பெஞ்சில் புவனேஷின் அம்மா தனபாக்கியம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இரவெல்லாம் சாருக்கு மூச்சு சரியில்லையாம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பன்னிரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் சத்தம் போடுவதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது வேண்டிக்குங்கம்மா. மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்றேன்.

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். "சமயபுரத்தாகிட்டயே சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"ஒரு ரூவா காசு இருக்கா?"

கொடுத்தேன். பிளாஸ்க் வைத்திருந்த மஞ்சப்பையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அதில் என் காசை வைத்து முடிந்தார். கண்ணை மூடினார்.

"ஆத்தா, இவுங்க நல்லபடியா எந்திரிச்சு எங்க வீட்டு வாசப்படி மிதிச்சுட்டா, எம் புள்ள தலைமுடிய அந்த வாரமே ஒங்கிட்ட கொண்டாந்து எறக்கிடுறேன்."

நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. சாமியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கட் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"பூமுடி கொடுத்தாப் போதும்லம்மா?" என்று மட்டும் கேட்டேன். ஓரத்தில் கொஞ்சமாகக் கத்தரித்துக் கொடுத்துவிடலாமே என்றுதான்.

"அது பொம்பளைங்களுக்கும்மா. ஆம்பளப் புள்ளைக்கு முழு மொட்டதான்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெம்பாக எழுந்து காபி வாங்கப் போனார்.

ஆக, அவருக்கு ஏதாவது ஆனாலும் மொட்டை. ஆகாவிட்டாலும் மொட்டை. இதற்குக் காசும் நானே கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

சார் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

நன்றாக முன்னேறுகிறாராம். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், அதை ஏன் சந்தேகமாகக் கேட்கிறான் இந்த ஆன்டோ.

புவனேஷ் ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, அம்மா வெள்ளிக்கிழமை சமயபுரம் போகணும்ங்கிறாங்க. ஒரே ஒரு வாரம் தள்ளலாமாம்மான்னு கேட்டேன். 'ஆத்தாகிட்ட அந்த வாரமேன்னு சொல்லிட்டேன், வாக்கு மாறச் சொல்றியா, ஒங்கப்பனுக்கு மறுபடி வந்தா யாரு பொறுப்பு'ன்னு கேக்குறாங்க. நான் என்னக்கா சொல்றது?"

"நீ முடிவு பண்ணு" என்றேன். அது பதிலில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜனவரி 28, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் யாராவது நான் தூண்டிவிட்டேன் என்று சொல்லக்கூடும்.

டிஸ்சார்ஜ் நேரத்துக்குப் போனேன். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சார் சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புவனேஷ் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"டைரக்டரம்மா, ஒங்க பாட்டு பாதியில நிக்குதாமே?" என்றார்.

"அதைப் பத்தி இப்ப என்ன சார். நீங்க ஒடம்பப் பாருங்க" என்றேன். இதைக் கவனிக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்.

"பாக்கத்தான் போறேன். முப்பது வருசம் யூனியன்ல இருந்தவன் நான். பேச்சுவார்த்தைன்னா என்ன? எழுதுன வார்த்த என்னவோ அதான் கணக்கு. தனபாக்கியம் என்ன சொல்லியிருக்கா? வாசப்படி மிதிச்சான்னு சொல்லியிருக்கா. மிதிச்சாத்தான அந்த வாரம் ஆரம்பிக்குது? நான் அஞ்சாம் தேதி வரைக்கும் மிதிக்கல. ஆறாம் தேதி போயி மிதிக்கிறேன். ஆத்தாவுக்கும் நஷ்டமில்ல, ஒங்களுக்கும் நஷ்டமில்ல."

"எங்கப்பா தங்குவீங்க?" என்றான் புவனேஷ்.

அவர் என்னைப் பார்த்தார்.

நாங்கள் தங்கியிருப்பது ஒரு மாடி வீடு. கீழே சாமான், மேலே இரண்டு அறை. ஆன்டோவும் சவுண்டு பார்க்கும் ஜோதிலிங்கமும் ஒன்றில், நான் ஒன்றில். படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் இறங்க வேண்டிய அவசியமில்லையே.

நிதானமாக, படிக்குப் படி நின்று ஏறினார். என் அறையைக் கொடுத்துவிட்டேன். நான் சமையலறையில்.

ஜனவரி 29, புதன்

காலையிலேயே தனபாக்கியம் அம்மா தூக்குவாளியோடு வந்து நின்றார். மேலே வர மாட்டாராம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "உப்பில்லாக் கஞ்சி. அவுங்களுக்கு மட்டும் குடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அஞ்சாம் தேதி வரைக்கும்தாம்மா" என்றேன்.

"நீங்கதானம்மா வேண்டிக்கச் சொன்னீங்க" என்றார்.

மாடியிலிருந்து சார் எட்டிப் பார்த்தார். "தனம், ரசம் இல்லையா?"

"வீட்டுல வந்து குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 30, வியாழன்

சாருக்குப் பொழுது போகவில்லை. எடுத்த பாதிப் பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். புவனேஷ் கடைக்குப் போயிருந்தான். மகன் வாசித்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பானாம், இவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வாராம். எட்டு வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான் போட்டி.

பார்த்து முடித்ததும், "இதுல பாட்டு எங்க இருக்கு, சத்தந்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரை மூடப் போனேன்.

"இருங்க. அந்தத் தலையத் தூக்குற எடத்த இன்னொரு வாட்டி போடுங்க."

நாலைந்து தடவை போட்டேன். கடைசித் தடவை அவர் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பட்டறையில் பெரிய லேத் ஓடத் தொடங்கும்போது தரை வழியாகக் கால் எலும்பில் ஒரு அதிர்வு ஏறுமாம், பணி ஓய்வுக்குப்பின் அது இல்லாமல் ஆறு மாதம் தூக்கம் வரவில்லையாம். "அத எங்கயோ புடிச்சிருக்கான் பாருங்க. நான் சொல்லிக் குடுத்ததே இல்ல" என்றார். நான் எழுதிய கதையில் நாயகன் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறானே தவிர, எனக்கு அந்த அதிர்வு தெரியாது. ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டு அடிச்சத்தத்தை, அந்த பேஸை, இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன்.

மாலையில் புவனேஷ் வந்து அவர் காலைப் பிடித்துவிட்டான். அழுத்திய இடத்தில் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

நேற்றுப் பார்த்ததை நினைத்துத் தலையணை இரண்டு வாங்கினேன். கால் வைத்துக்கொள்ள.

பிப்ரவரி 1, சனி

சார் இப்போது எங்கள் குழுவில் ஒருவர். டீ யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று தெரிந்து வைத்திருக்கிறார். ஆன்டோ தாமதமாக எழுந்தால், "ஷிப்ட் ஆரம்பிச்சு அர மணி ஆச்சு தம்பி" என்று எழுப்புகிறார். ஐந்தாம் தேதி பார்வையாளர் கூட்டத்தில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்றார். சரி என்றேன். வசனம் உண்டா என்றார். கை தட்டினால் போதும் என்றேன். "எப்பத் தட்டணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, எனக்கு இந்தப் பாட்டு எங்க முடியுதுன்னே தெரியல" என்றார்.

மதியம் குழுவுக்கு வாங்கிய பிரியாணியில் ஒரு வாய் கேட்டார். கொடுத்திருக்கக் கூடாது. கேட்ட விதம் அப்படி.

வாளியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனபோது தனபாக்கியம் அம்மா கேட்டார்: "ராத்திரி படுத்துத் தூங்குறாங்களா, உக்காந்து தூங்குறாங்களா?"

"தூங்குறாரும்மா" என்றேன். உட்கார்ந்துதான் தூங்குகிறார். சுவரில் சாய்ந்து. இன்னும் நாலு நாள்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியம் நான் மண்டபத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் சார் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. முகமெல்லாம் வியர்வை. கேட்டுக்கு வெளியே அவர் மனைவி, தூக்குவாளி கீழே, இரண்டு கையும் கேட்டுக் கம்பியில்.

அந்த அம்மா கூப்பிடவில்லையாம். இவராகத்தான் இறங்கினாராம். வாளியை ஒரு நாளாவது தானே வாங்கிக்கொள்ளலாம் என்று.

எனக்குப் பயமாக இருந்தது. படத்தை நினைத்து வந்த பயம் இல்லை அது. அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. இந்த மனிதர் இங்கே என் மாடிப்படியில் போய்விட்டால் என்று நினைத்து ஆன்டோவைக் கத்திக் கூப்பிட்டேன். ஆன்டோவும் ஜோதிலிங்கமும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கிறது, நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள். ஊசி போட்டார்கள். அதே டாக்டர். "உப்பு சாப்பிட்டாரா? மாடி ஏறினாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இன்று இரவு அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

தனபாக்கியம் அம்மா என்னைத் திட்டவில்லை. புவனேஷிடம்தான் சொன்னார்: "சாமிகிட்ட போயி வக்கீல் மாதிரி பேசுனா இப்படித்தாண்டா ஆகும்."

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மூச்சு சீராகிவிட்டது, கவனமாகப் பார்த்துக்கொண்டால் போகலாம் என்றார்கள். சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள்தான டைரக்டரம்மா. மாடி வேணாம், கீழ சாமான் ரூம்புல படுத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது, நோயாளியை வைத்துக்கொள்ள முடியாது என்றேன். ஆன்டோ, "மோட்டாரா? காலையிலகூட" என்று ஆரம்பித்தான். அவன் காலை மிதித்தேன்.

ஆட்டோவில் நானே கூட்டிப் போனேன். காலனி வீடு, ஒரே ஒரு வாசற்படி. சார் அதன் முன்னால் நின்றுவிட்டார். புவனேஷ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளே ஆரத்தித் தட்டோடு அவர் மனைவி.

"நல்லா யோசிச்சுக்கங்க" என்றார் என்னிடம். "காலத் தூக்கி வச்சா கையெழுத்துப் போட்ட மாதிரி."

"வைங்க சார்" என்றேன்.

"பாதிப் பாட்டு?"

"வைங்கப்பா."

அப்பா என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. அவர் வைத்தார்.

புவனேஷ் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னான்: "நாளைக்கு செவ்வாய்க்கிழமைதானம்மா. போயிட்டு வந்துருவோம்." இரண்டு நாள் தள்ளலாமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மா சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். நேற்று அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தபின் என்னால் கேட்க முடியவில்லை.

எடுத்து வைத்த பாதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதன்கிழமை ஒரே நாளில் ஏழு நிமிடத்தையும் புதிதாக எடுக்க வேண்டும், மொட்டைத் தலையோடு. மாலையில் அந்தத் தலையைத் தூக்கும் இடத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். ஜோதிலிங்கம் வந்து தண்ணீர் குடித்துவிட்டு எதுவும் பார்க்காததுபோல் போனான். நல்ல பையன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சமயபுரம். கூட்டம் நெரிந்தது. ஆன்டோவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடி இறக்குவதை எடுத்து வைத்தால் படத்தில் எங்காவது செருகலாம் என்று அவன் நேற்றே சொன்னான். அவன் சொன்னது சரிதான். ஆனால் அது அந்தக் குடும்பத்தின் காரியம்.

"கேமரா கொண்டு வரலையாக்கா?" என்று புவனேஷ் கேட்டான்.

"பேட்டரியில சார்ஜ் இல்லடா."

அவன் சிரித்தான். மோட்டார் கதையை ஆன்டோ சொல்லியிருப்பான்.

சார் வீட்டிலிருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக வந்துவிட்டார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, காரில் கூட்டி வந்து, முடி இறக்கும் மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் நின்றேன். நாவிதர் புது பிளேடை மாட்டிக்கொண்டு புவனேஷின் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தார். "எத்தன வருசம் தம்பி?" என்றார். ஐந்து என்றான். தலையில் தண்ணீர் தெளித்து நடு உச்சியில் முதல் இழுப்பு இழுத்தார். கற்றையாக மடியில் விழுந்தது. புவனேஷ் கண்ணை மூடிக்கொண்டான். தனபாக்கியம் அம்மா கை கூப்பியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நடுநடுவே, "பாத்துப்பா, காதுகிட்ட" என்று நாவிதரையும் கவனித்துக்கொண்டார்.

சார் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு தோணுது டைரக்டரம்மா. எங்கப்பாவுக்காக நானும்தான் மொட்ட போட்டேன், காவேரிக் கரையில. அவரு பாக்கல. பாக்குற நெலமையில இல்ல. இவன் எனக்காகப் போடுறான், நான் நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறேன். எத்தன பேருக்குக் கெடைக்கும் சொல்லுங்க."

தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து வந்த புவனேஷ், அப்பா முன்னால் வந்து குனிந்தான். அவர் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தார். சந்தனம் ஒட்டிய கையை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 5, புதன்

அஷ்டமி. மண்டபத்துக்காரர் சாவியைக் கொடுத்து, வழக்கமானதைச் சொல்லி, புவனேஷைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஹீரோவ மாத்திட்டீங்களா?" என்றார்.

காலை ஏழு மணிக்கு முதல் ஷாட். மொட்டைக்குக் கதையில் ஒரு காரணம் சொல்ல வேண்டாமா, ஒரு வசனமாவது வைக்கலாமே என்று ஆன்டோ கேட்டான். இரவெல்லாம் யோசித்தேன், எதுவும் பிடிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் விடுவோம் என்றேன்.

முதல் மூன்று டேக் மோசம். புவனேஷுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறைத்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் எல்லாருக்கும் முன்னால் நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. குரல் நடுங்கியது. எனக்கு முதலில் எடுத்த ஷாட் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "முடியலேன்னா சொல்லு, நாலு நிமிஷமா வெட்டிக்கலாம்" என்றேன். "ஏழும் பாடிடுறேன்க்கா" என்றான்.

பார்வையாளர் கூட்டத்தில் காலனிக்காரர்களோடு சாரும் அவர் மனைவியும். ஐந்தாவது வரிசை, ஓர நாற்காலி, கதவுக்குப் பக்கத்தில். மாத்திரை நேரத்துக்கு அந்த அம்மா போன் அலாரம் வைத்திருந்தார், ஜோதிலிங்கம் கெஞ்சி அணைக்கவைத்தான்.

நாலரை மணிக்கு எடுத்த டேக்கில் அவன் எதையும் யோசிக்கவில்லை. மெதுவாக ஆரம்பித்து, மூன்றாவது நிமிடத்தில் முகத்தைத் தூக்கினான். சிலுப்ப ஒன்றுமில்லை. நேராகப் பார்த்தான், அவ்வளவுதான். முதலில் எடுத்த பாதி நன்றாகத்தான் இருந்தது. இது வேறு. எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை, திரையில் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

கட் சொன்னதும் ஜோதிலிங்கம் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, பாட்டு சுத்தமா இருக்கு. ஆனா நாலாவது நிமிஷத்துல, இசை நிக்கிற எடத்துல, கூட்டத்துல யாரோ பேசிட்டாங்க. நல்லாக் கேக்குது."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். கிட்டார் ஓய்கிறது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல், காலனிக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் யாரிடமோ: "என்னங்க இந்தப் பையன் மொட்டயா இருக்கான்?" அதற்கு ஒரு ஆண் குரல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாக: "எனக்காகம்மா. நான் பொழச்சதுக்கு."

"இன்னொரு டேக் போயிடலாமா? இல்லேன்னா அந்த எடத்த மட்டும் அழிச்சுடலாம்க்கா" என்றான் ஜோதிலிங்கம்.

என் கதையில் நாயகனுக்கு அப்பா கிடையாது. சின்ன வயதிலேயே போய்விட்டதாக எழுதியிருக்கிறேன். அந்தக் குரல் யாருடையது என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். விமர்சனம் எழுதுகிறவர்களும் கேட்பார்கள்.

"அழிக்க வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.